பழைய காரின் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்: அறிகுறியிலிருந்து தொடங்கும் பிழை நீக்கும் வழிமுறை

நான்கு கியர் கொண்ட 1997-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றை வாங்கிய முதல் வாரத்தில், காலையில் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இரண்டாவது கியருக்கு மாற்ற நான் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. "கியர் ஆயில் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்" என்று விற்றவர் சொல்லியிருந்தார், அது பொய்யில்லை. டிரெயின் பிளக்கைக் கழற்றியபோது பழுப்பு நிறம் சற்றும் கருக்காத புது ஆயில்தான் வந்தது. ஆனால், அதிரசத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகைப் போல அது கம்பி இழுத்துக்கொண்டு இறங்கியது. லாரியின் பின் ஆக்சிலுக்கு ஊற்றும் 140 எண் ஆயிலை அந்தச் சிறிய பெட்டிக்குள் ஊற்றியிருந்தார்கள். ஏன் ஊற்றினார்கள் என்பது சரியான ஆயிலை நான் ஊற்றிய அன்றே விளங்கிற்று: காலைத் தொல்லை நீங்கியது, அதற்குப் பதிலாக நியூட்ரலில் நிற்கும்போது, எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. தேய்ந்த பேரிங்கின் சத்தத்தைக் கெட்டி ஆயில் போர்த்தி மூடியிருந்தது. கியர்பாக்ஸில் மரத்தூளைக் கலந்து விற்கும் பழைய தந்திரத்தின் நாகரிக வடிவம் இது என்பது என் கருத்து.

ஆகவே, பழைய காருக்குக் கியர் ஆயில் தேர்ந்தெடுப்பவர் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: வண்டி காட்டும் அறிகுறி ஆயிலால் வந்ததா, ஆயிலால் தீரக்கூடியதா, அல்லது ஆயிலுக்குச் சற்றும் தொடர்பில்லாததா? பின்வரும் முறை அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதலில் அளவு, பிறகு நிறமும் மணமும்

அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஆயிலின் அளவைப் பார்ப்பதுதான். பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியர்பாக்ஸில் அளவுக்கம்பி இருக்காது. பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக்கின் துளையே அளவுக்குறி. வண்டி நான்கு சக்கரங்களும் சமமட்டத்தில் இருக்கும்படி நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டுப் பார்த்தால் கிடைக்கும் அளவு தவறானது. பிளக்கைக் கழற்றிச் சுண்டு விரலை உள்ளே விட்டு வளைத்தால், துளையின் கீழ் விளிம்பை ஒட்டி ஆயில் தட்டுப்பட வேண்டும். விரல் காய்ந்து வெளியே வந்தால், கியர் விழவில்லை, சத்தம் வருகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்று தேடாமல் நிரப்பி மட்டும் விடுவது வீண். முன்சக்கர இயக்க வண்டிகளில் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டுகளும் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆயில் சீல்களையும், அம்பாசடர், ஆம்னி போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் பெட்டியின் பின்முனையில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் சீலையும் பார்க்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவக் கூட்டின் (பெல் ஹவுசிங்) அடியிலிருந்து ஆயில் சொட்டி, கூடவே கிளட்ச்சும் வழுக்கினால், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். எஞ்சினின் பின்சீலிலிருந்து ஒழுகும் ஆயிலும் அதே வழியாகத்தான் சொட்டும் என்பதால், இரண்டையும் மணத்தால் பிரித்தறிய வேண்டும். எல்லாச் சீல்களிலும் ஒரே நேரத்தில் கசிவு தென்பட்டால், சீல்களைக் குறை சொல்வதற்கு முன், பெட்டியின் மேற்புறத்தில் உள்ள காற்றுப்போக்கி சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். சூடாகும் காற்றுக்கு வெளியேற வழியில்லாதபோது அது ஆயிலைச் சீல்களின் வழியாகத் தள்ளும்.

விரலில் ஒட்டி வந்த ஆயிலையே சோதித்தால் இன்னும் சில செய்திகள் கிடைக்கும். அழுகிய முட்டையை நினைவூட்டும் கந்தக நெடி இருந்தால் அது கியர் ஆயில். நெடி தூக்கலாக இருந்தால், சேர்மானம் மிகுந்த ஜிஎல்-5 வகையாக (பின்னால் விளக்குகிறேன்) இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பு நிறமாக இருந்தால் தானியங்கிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப். நெடியில்லாமல் இளம் பழுப்பாக நீர்த்திருந்தால் எஞ்சின் ஆயில் இனம். இவற்றில் எதைக் கண்டாலும், "யாரோ தவறாக ஊற்றிவிட்டார்கள்" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 1980-களின் ஹோண்டா கார்களுக்குத் தயாரிப்பாளரே கியர்பாக்ஸில் எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொன்னார். பின்னாளில் அந்நிறுவனம் தனக்கென எம்டிஎஃப் என்ற ஆயிலைக் கொண்டுவந்த பிறகும், அது கிடைக்காத இடத்தில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலை ஊற்றலாம் என்று கையேட்டில் அச்சிட்டது. டபிள்யூ123, டபிள்யூ124 வரிசை மெர்சிடிஸ் கார்களின் கையியக்கக் கியர்பாக்ஸ் ஏடிஎஃப் கேட்கும். 1959-இல் வந்த மினியிலோ எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். இரண்டும் ஒரே தொட்டியில் குளிக்கின்றன. இத்தகைய பெட்டிகளில் 75டபிள்யூ-90 கியர் ஆயிலை ஊற்றிவிட்டு லீவர் கனக்கிறது என்று வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழுது அங்கே பெட்டியில் இல்லை, "கியர்பாக்ஸ் என்றால் 90 ஆயில்" என்ற பழக்கத்தில் இருக்கிறது. வண்டியின் கையேடு என்ன சொல்கிறது என்பதே முதல் சொல்.

அறிகுறி: வண்டி ஆறியிருக்கும்போது கியர் விழ மறுக்கிறது, சூடானதும் சரியாகிறது

இது ஏறத்தாழ எப்போதும் ஆயிலின் கெட்டித்தன்மையால் வருவது. ஆயிலை மாற்றினால் தீரக்கூடியது. கியர் மாற்றும்போது உள்ளே நடப்பதை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சின்க்ரோ ரிங் என்னும் சிறிய வளையத்தின் வேலை. பழைய கார்களில் இது பெரும்பாலும் பித்தளையால் ஆனது. அதன் உட்புறம் கூம்பு வடிவில் சரிந்து, நுண்ணிய வரிகளோடு இருக்கும். லீவரை நாம் தள்ளும்போது இந்த வளையம் கியரின் கூம்பில் அழுந்தி, இடையில் உள்ள ஆயில் படலத்தை வரிகளின் வழியாகப் பிதுக்கி வெளியேற்றி, உலோகத்தை உலோகம் பிடித்து, பிரேக் போல உராய்ந்து வேகத்தைச் சமன்செய்கிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் விலகுவதற்குத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத்தான் நம் கை லீவரின் அடமாக உணர்கிறது.

கியர் ஆயிலின் எண்களை எஞ்சின் ஆயிலின் எண்களோடு ஒப்பிட்டுக் குழம்புவது மிகப் பரவலான தவறு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. எஸ்ஏஇ ஜே306 என்ற கியர் ஆயில் அளவுகோலில் 90 என்பது 100 பாகை செல்சியஸில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. எஸ்ஏஇ ஜே300 என்ற எஞ்சின் ஆயில் அளவுகோலில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. அதாவது, பெயரில் 90 என்று மிரட்டும் கியர் ஆயில், சூட்டில் நாம் அறிந்த 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மையை ஒட்டியதுதான். 140-இன் கதை வேறு: அதன் எல்லை 24-இலிருந்து 32.5 வரை செல்கிறது. இதுகூட எஞ்சின் போலக் கொதிக்கும் சூட்டில் எடுத்த கணக்கு. நிழலில் நிறுத்திய வண்டியின் பெட்டி சென்னையின் மே மாதத்தில் காணும் 40 பாகையில் 80டபிள்யூ-90 கனிம ஆயில் ஏறத்தாழ 140 சென்டிஸ்டோக்கில் இருக்கும். 85டபிள்யூ-140 ஆயிலோ 300-ஐத் தாண்டிவிடும். நம் ஊரில் குளிரே கிடையாதே, கெட்டி ஆயில் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

டபிள்யூ எழுத்துக்கு முன் நிற்கும் எண் குளிர்நிலைக்கானது: 75டபிள்யூ ஆயிலை உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலும், 80டபிள்யூவை 26 பாகையிலும், 85டபிள்யூவை 12 பாகையிலும் சோதிக்கிறார்கள். தமிழகத்தின் சமவெளியில் இந்தக் குளிர் நமக்கு வாய்ப்பதில்லை என்றாலும், 75டபிள்யூ-90 ஆயில் முப்பது பாகையிலும் 80டபிள்யூ-90-ஐவிட நீர்த்தே இருக்கும் என்பதால், காலையின் முதல் சில கிலோமீட்டரில் வித்தியாசம் கையில் தெரியும். ஜனவரி விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும் உதகையில் வண்டி வைத்திருப்பவருக்கு அது வித்தியாசமாக மட்டும் இராது, தேவையாகவே இருக்கும்.

ஆகவே இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியது: கையேட்டில் உள்ள எண்ணுக்குத் திரும்புவது, கையேடு இரண்டு எண்களை அனுமதித்தால், டபிள்யூவுக்கு முன் சிறிய எண் உள்ளதைத் தேர்வது. ஆயிலை மாற்றிய பிறகும் ஆறிய நிலையில் லீவர் அடம்பிடித்தால், ரிங்கின் வரிகள் தேய்ந்து வழவழப்பாகி, படலத்தைப் பிதுக்கும் திறனை இழந்திருக்கலாம்.

அறிகுறி: கியர் மாற்றும்போது கரகரவென அரைக்கிறது, குறிப்பாக வண்டி சூடான பிறகு

இங்கேதான் பொறுமை வேண்டும், ஏனெனில் ஒரே சத்தத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய எந்தக் கருவியும் தேவையில்லை. ஆள் நடமாட்டமில்லாத ஒரு சாலை போதும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது அரைத்தால், ஒரு முறை டபுள் கிளட்ச் செய்து பாருங்கள்: கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே தட்டி, மறுபடியும் மிதித்து இரண்டாவதில் போடுங்கள். இவ்வாறு செய்யும்போது சின்க்ரோ செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்துவிடுகிறீர்கள். அப்போது கியர் சத்தமின்றி விழுந்தால் சின்க்ரோ தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும்.

சின்க்ரோ வேலை செய்யாததற்கு அது தேய்ந்திருப்பது ஒரு காரணம். தவறான ஆயிலில் அது வழுக்குவது மற்றொன்று. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) வகைப்பாடு இங்கேதான் முக்கியமாகிறது. ஜிஎல்-5 ஆயில் ஹைப்பாய்டு வகைப் பின் ஆக்சிலுக்காக உருவானது; அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு பெரும் அழுத்தத்தில் தேய்ந்து வழுக்கவும் செய்வதால், கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் சூடான தொடுபுள்ளிகளில் உலோகத்தோடு வினைபுரிந்து காப்புப் படலம் ஒன்றை அமைக்கிறது. இச்சேர்மானம் ஜிஎல்-4-இல் உள்ளதைப் போலப் பொதுவாக ஏறத்தாழ இரு மடங்கு. எஃகுப் பல்லுக்கு அது அரண். பித்தளை வளையத்துக்கோ இரண்டு வகையில் தொல்லை. சூட்டில் கந்தகம் செப்புக் கலவையை அரிக்கக்கூடும் என்பது ஒன்று. உராய்ந்து பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவிடுவது மற்றொன்று.

முதல் தொல்லையைப் பற்றிக் கொஞ்சம் மிகைப்படுத்தியே பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் ஏஎஸ்டிஎம் டி130 என்ற செப்புத்தகட்டுச் சோதனையைக் கடந்தே வருகின்றன. அதை ஊற்றிய மறுவாரமே பித்தளை கரைந்து போய்விடாது. இரண்டாவது தொல்லை சோதனைத்தாளில் தெரியாது, ஆனால் ஓட்டுபவர் கைக்கு அன்றாடம் தெரியும். ஆயில் மாற்றிய நாளிலிருந்து அரைக்கத் தொடங்கிய வண்டியில் ரிங்கைக் குறை சொல்வதற்கு முன், டின்னின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் அச்சிட்ட டின்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல்லைக் காக்கும் அளவுகோலில் மேல்நிலை கீழ்நிலையை உள்ளடக்கும் என்பதே அதன் பொருளாக இருக்கலாம். அது உங்கள் சின்க்ரோவுக்கு ஏற்றது என்ற உறுதிமொழி ஆகாது. சில ஆயில்கள் உண்மையாகவே இரண்டுக்கும் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கு என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். எம்டி-1 என்ற எழுத்துகள் சின்க்ரோ இல்லாத கனரக லாரி, பேருந்துப் பெட்டிகளுக்கானவை. அவற்றுக்கும் நம் காருக்கும் தொடர்பில்லை. உராய்வைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும் மாலிப்டினம் போன்ற கூடுதல் சேர்மானங்களையும் இந்தப் பெட்டிக்குள் விடக் கூடாது. உராய்வு தேவைப்படும் ஒரே இடத்திலும் அவை அதைக் குறைத்துவிடும்.

எல்லாக் காருக்கும் ஜிஎல்-4 என்று இதைப் பொதுவிதியாக்கிவிடவும் முடியாது. மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக அமைந்திருப்பதால், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் அதே பெட்டிக்குள் சாதாரணச் சாய்பற்களோடு சுழல்கிறது. ஹைப்பாய்டு பல் எதுவும் அங்கில்லை, ஆகவே ஜிஎல்-4 இரண்டுக்கும் போதும். அம்பாசடரிலும் ஆம்னியிலும் பின் ஆக்சில் தனிப்பெட்டி. கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆக்சிலுக்கு ஜிஎல்-5 ஒன்றுமாக இரண்டு டின்கள் வாங்க வேண்டும். ஒரே டின்னை இரண்டிலும் ஊற்றி முடித்துவிடும் வழக்கம் பணிமனைகளில் உண்டு என்பதால், வேலை நடக்கும்போது அருகில் நிற்பது நல்லது. கியர்பாக்ஸையும் ஹைப்பாய்டு டிஃபரென்ஷியலையும் ஒரே ஆயிலில் வைத்த பழைய சுபாரு போன்ற வண்டிகளில் தயாரிப்பாளரே ஜிஎல்-5 கேட்பார்; அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் பற்கள் பாழாகும்.

ஆயில் சரியானதுதான், டபுள் கிளட்ச் செய்தால் அரைக்கவில்லை, சூடான பிறகே சத்தம் வருகிறது என்றால், ஆயில் வயதாகி நீர்த்துப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரலாறு தெரியாத வண்டியில் நான் அதைச் சோதித்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு முறை மாற்றிவிட்டு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது எளிது, செலவும் குறைவு. அதன் பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் ரிங் முடிந்துவிட்டது. நகர ஓட்டத்தில் மிகுதியாகப் பயன்படுவதால் அது பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும்.

அறிகுறி: நிற்கும்போது ரிவர்ஸ் போட்டால் அரைக்கிறது, அல்லது முதல் கியர் மட்டும் அரைக்கிறது

பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. கிளட்ச்சை மிதித்த பிறகு உள்ளே சுழல்வது அடங்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் அரைக்கத்தான் செய்யும். கிளட்ச்சை மிதித்து, மனத்துக்குள் பத்து வரை எண்ணி, பிறகு போடுங்கள். அப்போது சத்தமில்லை என்றால் வண்டியில் பழுதில்லை. அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை: கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் கேபிளின் தளர்வைச் சரிசெய்ய வேண்டும், ஹைட்ராலிக் உள்ளதில் காற்றுப் புகுந்திருக்கிறதா, சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஆயிலும் இதைத் தீர்க்காது.

பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் முதல் கியருக்கும் சின்க்ரோ இல்லை. இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டுமே உண்டு. வண்டி முழுமையாக நின்ற பிறகே முதல் கியரைப் போடுவது என்று அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பழகியிருந்தார்கள். புதிய கார் ஓட்டிப் பழகிவிட்டு இவற்றை வாங்குபவர்கள் பழுது என்று நினைத்துப் பணிமனைக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு விலை உயர்ந்த ஆயில் ஒன்று விற்கப்படுகிறது.

அறிகுறி: இரைச்சல், ஊளை

இங்கே ஆயிலின் பங்கு மிகக் குறைவு. அளவு குறைந்திருந்தால் நிரப்பிப் பாருங்கள். அதற்குமேல் ஆயிலை எதிர்பார்க்காதீர்கள். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மாறாக, மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். பின்சக்கர இயக்க வண்டியில் மற்ற கியர்களில் ஊளையிட்டு நான்காவதில் மட்டும் அமைதியானால், கீழ்த்தண்டின் (கவுன்டர் ஷாஃப்ட்) பேரிங்கோ பற்களோ தேய்ந்திருக்கின்றன, ஏனெனில் நான்காவதில் சுமை அந்தத் தண்டின் வழியே செல்லாமல் நேராகப் பின்னால் போகிறது. ஒரே கியரில் மட்டும் ஊளை வந்தால் அந்தக் கியரின் பல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலுமாக, எந்தக் கியரில் போனாலும் வேகத்தையே ஒட்டி வந்தால் டிஃபரென்ஷியல்.

என் 800-இன் பேரிங்கை மாற்றும் வரை, நடுவில் நான்கு மாதம் அந்த இரைச்சலோடு 75டபிள்யூ-90 ஜிஎல்-4-இலேயே ஓட்டினேன். 140-க்குத் திரும்பி அமைதியை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால், கெட்டி ஆயில் சின்க்ரோ ரிங்கைத் தேய்க்கும், குறுகிய இடங்களில் உள்ள பேரிங்குகளுக்கு மெதுவாகவே போய்ச்சேரும், சத்தம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதையும் மறைத்துவிடும்.

அறிகுறி: கியர் தானாக நியூட்ரலுக்கு வருகிறது, லீவர் தொளதொளவென்று ஆடுகிறது

ஆயிலைப் பற்றிய பேச்சே இங்கு வேண்டாம். லீவரின் ஆட்டத்துக்கு இணைப்புத் தண்டின் புஷ்களைப் பாருங்கள்; 800-இல் இது அடிக்கடி நேர்வது, சிறு செலவில் முடிவது. கியர் வழுகி வெளியே வந்தால் எஞ்சின் மவுண்டிங், உள்ளே உள்ள பூட்டுக்குண்டின் ஸ்பிரிங், தேய்ந்த பூட்டுப்பற்கள் என்ற வரிசையில் தேட வேண்டும்.

அறிகுறி: வடித்த ஆயில் பால் கலந்த காப்பியைப் போல இருக்கிறது

நீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற ஒன்றில் நின்ற வண்டிக்கு மட்டுந்தான் இப்படி ஆகும் என்பதில்லை. ஓடிச் சூடான பெட்டி, தேங்கிய மழைநீரில் சட்டென்று இறங்கினால், உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, காற்றுப்போக்கி வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு முறை மாற்றினால் முழுமையாகப் போகாது. சரியான எண்ணிலும் வகையிலும் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, நூறு கிலோமீட்டர் போல ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டுப் பிறகு நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். முதல் முறை வடித்தது வெளுத்திருந்து, இரண்டாம் முறையும் வெளுத்தே வந்தால், மூன்றாம் முறையும் செய்யத்தான் வேண்டும். பேரிங் துருப்பிடித்தால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

வடித்தலும் நிரப்பலும்

பத்து கிலோமீட்டராவது ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடியுங்கள். ஆறிய ஆயில் அடியில் உள்ள அழுக்கை விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியேறும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். முதலில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே டிரெயின் பிளக்கில் கை வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, ஆயிலை முழுவதும் வடித்த பிறகு ஃபில்லர் பிளக் துருவால் இறுகிக்கிடப்பதைக் கண்டு, வண்டியை நகர்த்த முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிடும் முன் பாருங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிற மையைப் போலக் குழைவது இயல்பான தேய்மானம்; நகத்தில் தட்டுப்படும் துண்டு பல்லிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ உடைந்தது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதைக் காண, வடித்த ஆயிலில் ஒரு கரண்டியளவை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஜரிகைத்தூள் போலப் பொன்னிறம் மின்னினால் அது சின்க்ரோ ரிங்கின் உடம்பு. சில மினுக்குகள் பழைய பெட்டியில் இருக்கவே செய்யும். தட்டு முழுவதும் மின்னினால் ரிங்குக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

பிளக்கின் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். பெட்டி அலுமினியம் என்பதால், பலம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும். ஃபில்லர் துளைக்கு நேராக டின்னைச் சாய்க்க இடமிருக்காது. எஞ்சின் அறையிலிருந்து ஒரு குழாயை இறக்கி, மேலே புனல் வைத்து ஊற்றுவது எளிது. கையேட்டில் உள்ள அளவை ஊற்றி முடித்ததும், வண்டியைச் சமமட்டத்தில் இறக்கி, துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று ஊற்றினால் ஆயில் நுரைத்துச் சீல்களின் வழியாக வெளியேறும்.

முழுச் செயற்கை ஆயிலா, கனிம ஆயிலா என்பதில் நான் கட்சி கட்டுவதில்லை. பல ஆண்டுகள் கனிம ஆயிலிலேயே ஓடி இறுகிப்போன சீல்கள் உள்ள வண்டியில், குளிர்நிலையில் நீர்த்திருக்கும் செயற்கை ஆயில், அதுவரை அடைபட்டுக் கிடந்த கசிவைக் காட்டிக்கொடுக்கக்கூடும். சீல்கள் நல்ல நிலையில் இருந்தால் காலை நேரத்து லீவர் இலகுவாகும். சமவெளியில் நாளுக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நல்ல 80டபிள்யூ-90 ஜிஎல்-4 கனிம ஆயில், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், தாராளமாகப் போதும். நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

ஊற்றிய ஆயிலின் எண், ஜிஎல் வகை, தேதி, கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்தப் பிளக்கைத் திறப்பவர், விரலை விட்டு முகர்ந்து ஊகிக்க வேண்டியிருக்காது. முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் புதிய சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஃபில்லர் பிளக்கைத் திறந்து, மறுபடியும் சுண்டு விரலை விட வேண்டியதுதான்.